காலுறைக் கஜானா

சாம்சுனில் கிளம்பும்போது
மூன்று பேர் பணத்தையும் ஒன்றாகச் சுருட்டி
ஒற்றைக் காலுறைக்குள் திணித்தாள் நெர்கிஸ்.
"இதன் ஜோடி எங்கே?" என்றான் துர்குத்.
"மிச்சம் பிடித்தால் அது வெளியே வரும்."

இடது பக்கம் எப்போதும் கடல்.
எங்களுக்கும் அதற்கும் நடுவே நாலு வரிசை லாரி.
கருங்கடல் என்று பெயர்தான்;
விடியலில் ஈயம், உச்சியில் போத்தல் பச்சை,
மழையில் என்ன நிறமென்று தெரியாது,
கிழிந்த பிளாஸ்டிக் உறைக்குள்
யார் தலை முதலில் என்று அடித்துக்கொண்டிருப்போம்.

பொலாமானில் சாலை இரண்டாகப் பிரிகிறது.
புதியது மலைக்குள் புகுந்து
ஓர்து பக்கம் தலை நீட்டும்.
பழையது கடலின் விரலைப் பிடித்துக்கொண்டு
அது போகும் இடமெல்லாம் போகும்.
"ஒரு நாள் கூடினால் ஆறு ரொட்டி கூடும்"
நெர்கிஸ் கணக்கை முடிப்பதற்குள்
துர்குத் பழைய சாலையில் திரும்பிவிட்டான்.
பின்னாலேயே போனோம்.
திட்டிக்கொண்டேதான்.

சாலையில் பாதியை
ஹேசல் கொட்டைகள் காயவைத்து அடைத்திருந்தார்கள்.
மீதிப் பாதியில், ஒரு பள்ளத்தில்,
என் பின்சக்கரக் கம்பி இரண்டு தெறித்தன.
வாரியைத் தோளில் சாய்த்தபடி
வேடிக்கை பார்த்தாள் ஒருத்தி, ஹவ்வா என்று பெயர்:
"என் தம்பி கம்பி மாற்றுவான். நீங்கள் தோல் உரிப்பீர்களா?"
உரித்தோம், இருட்டும்வரை.
விரல் நுனி கறுத்துப்போய்
ஒரு வாரம் சோப்புக்கு மசியவில்லை.
கூலி: இரண்டு கம்பி, ஒரு பை கொட்டை,
கொட்டகையில் படுக்க இடம்,
அதில் ஏற்கெனவே படுத்திருந்த ஆடு.

திரெபோலுவில் பெட்ரோல் பங்க்.
இரவுக் காவல்காரன் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு
"எதற்கு?" என்று கேட்டான்.
"சும்மா" என்றான் துர்குத்.
"செலவில்லை என்றார்கள்" என்றாள் நெர்கிஸ்.
நான் சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
ஏழு கட்டி.

இனி வருவது என் பகுதி.
அக்சாபாத்தில் அவர்கள் இருவரும்
பூங்காப் புல்லில் செத்த பிணமாய்த் தூங்கும்போது
கறி உருண்டை வாட்டும் புகை
தெரு தாண்டி வந்து என் சட்டையைப் பிடித்தது.
காலுறைக்குள் கை விட்டேன்.
ஒரு தட்டு. வறுத்த மிளகாய். கூடவே மோர்.
சாப்பிட்ட வேகத்தில் ருசி பிந்தி வந்தது,
கடையை விட்டு இறங்கிய பிறகு.

மறுநாள் கணக்கு உதைத்தது.
நெர்கிஸ் துர்குத்தைப் பார்த்தாள்.
துர்குத் ஒன்றும் பேசாமல் பெடலை மிதித்தான்.
ரிஸே வரைக்கும், அதற்கப்புறமும்,
எங்களுக்கு எப்போதும் ஒரு வளைவு முன்னால்
அவன் முதுகு.
தேயிலைச் சரிவெல்லாம் ஈரம் சொட்டியது.
நான் டயரில் காற்று குறைவென்று சொல்லி
அடிக்கடி பின்தங்கினேன்.

ஹோப்பாவில் பணம் தீர்ந்தது.
திரும்ப மூன்று டிக்கெட்,
சைக்கிளுக்குத் தனிக் கட்டணம்.
ஓட்டுநரிடம் பேரம் படியவில்லை.
"என் சைக்கிளை விற்கிறேன்" என்றேன்.
துர்குத் என் தோளைத் தட்டினான்,
இரண்டு நாளில் அவன் கை என்மேல் பட்டது அப்போதுதான்.
அந்தத் தட்டு அடியைவிட வலித்தது.
மீன் கூடைக்காரனின் மகன் விலை கேட்டான்,
மணியை நாலு தடவை அடித்துப் பார்த்தான்,
ஏறிப் போய்விட்டான்.

பேருந்தில் இப்போது கடல் வலது பக்கம்.
துர்குத் வாய் பிளந்து தூங்கினான்.
நெர்கிஸ் பையைத் துழாவி
இரண்டாம் காலுறையை எடுத்தாள்.
சைக்கிள் பணத்தில் மிஞ்சிய சில்லறையை
அதற்குள் போட்டு முடிச்சிட்டாள்.
ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்:
"உருண்டை நன்றாக இருந்ததா?"

"அவனிடம் சொல்லிவிடு" என்றாள் பிறகு.
"நான் சொல்லமாட்டேன்."

ஓர்து தாண்டியதும் வண்டி மலைக்குள் நுழைந்தது.
நாங்கள் ஒன்றரை நாள் சுற்றிய கரை முழுதும்
சில நிமிட இருட்டு.
நேர் சாலைதான்.
இருந்தும் முன்னிருக்கைக் கம்பியை
இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு
வளைவுக்கு வளைவு
பிரேக் பிடித்துக்கொண்டே வந்தேன்.